சாவி கொடுத்தால் போதுமா?

ஏழைகளுக்குச் சர்க்கார் வீடு கட்டிக் கொடுக்கும் வைபவம் எங்காவது நடந்தால், மறுநாள் பத்திரிகைகளில் வருகின்ற செய்தி எப்போதும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கின்றது. இத்தனை ஆயிரம் வீடுகள், இத்தனை கோடி ரூபாய், இன்ன மந்திரி சாவி கொடுத்தார், வாங்கிக் கொண்ட அம்மாள் கண்ணீர் விட்டு வாழ்த்தினார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். பத்து வருஷங் கழித்து அந்த அம்மாள் என்ன ஆனார், அவர் செய்து வந்த வேலை நிலைத்ததா போயிற்றா, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறானா நின்றுவிட்டானா, மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்கின்ற செய்தியைத் தேடினாலும் அநேகமாகக் கிடைப்பதில்லை.

ஏழைக்கு வீடு கட்டுவதை நாம் ஆட்சேபிக்கின்றோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்லுச் சாமிக்குக் கோபுரமும் மண்டபமும் கட்டி, அதைக் கட்டிய மனிதனைக் குடிசையில் விட்டு வைத்த நாட்டில், மனிதனுக்கு வீடு வேண்டும் என்று ஒரு சர்க்கார் நினைப்பதே பெரிய காரியமாகும். அதை நாம் மனமார வரவேற்கின்றோம். நாம் கேட்பதெல்லாம் கணக்கைப் பற்றியேயாகும். எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விட்டு விடுகிறார்கள் என்பதே நமது கேள்வி.

தானக் கணக்கு

நமது நாட்டில் தர்மம் என்பதற்கு வெகு காலமாக ஒரு கணக்கு இருந்து வருகின்றது. அன்னதானம் செய்கிறவன் எத்தனை இலை போட்டோம் என்று எண்ணுவானே ஒழிய, இலையில் உட்கார்ந்தவன் மறுநாள் என்ன சாப்பிட்டான் என்று எண்ண மாட்டான். ஏனென்றால் புண்ணியம் என்பது கொடுக்கிறவன் பேரில் ஏறுவதாகச் சொல்லப்படுவது. வாங்குகிறவன் அந்தப் புண்ணியத்திற்கு ஒரு கருவி. அவ்வளவுதான்.

சர்க்கார் வீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் இந்தத் தானக் கணக்கிலேயே நடந்து வருகின்றன. கொடுத்த சாவியை எண்ணுகிறார்கள். சாவி வாங்கின மனிதனுடைய பிழைப்பை எண்ணுவதில்லை. வீடு நிற்கின்ற நிலத்தையும், அந்த நிலத்தில் ஓடிக் கொண்டிருந்த தண்ணீரையும் எண்ணுவதில்லை. ஜனங்கள் கொடுத்த வரிப்பணத்தில் ஜனங்களுக்குக் கட்டும் வீடு தானமல்ல, அது அவர்களுடைய பாத்தியதை. பாத்தியதை என்றால் வாங்குகிறவன் பக்கத்திலிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சேரிக்கு மேல் சிமெண்டு

மற்ற நாடுகளில் வீடு என்றால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஓர் இடம். நமது நாட்டிலோ வீடு எங்கே நிற்கின்றது என்பதைக் கொண்டே அதில் இருப்பவன் யார் என்று முடிவு கட்டி விடுகிறார்கள். அக்கிரகாரம் ஓர் இடம், ஊர் ஓர் இடம், சேரி ஓர் இடம். சேரி என்பது ஊருக்கு வெளியே, பள்ளத்தில், சுடுகாட்டுப் பக்கத்தில், ஊர்ச் சாக்கடை வந்து சேரும் இடத்தில் இருக்கும். இது தற்செயலாய் நேர்ந்ததல்ல. வருணாசிரமம் புஸ்தகத்தில் மட்டும் எழுதப்பட்டதல்ல, நிலத்தின் மேலும் எழுதப்பட்டது.

சுதந்திரத்திற்குப் பின் வந்த சர்க்கார்கள் சேரி ஜனங்களுக்கு ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் கட்டிக் கொடுத்தன. ஆனால் எங்கே கட்டின? பெரும்பாலும் சேரி இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கும் அப்பால். பெயரை மட்டும் “காலனி” என்று மாற்றினார்கள். இதன் பலன் என்னவென்றால், ஓலைக் குடிசையாயிருந்த காலத்தில் ஒரு நாள் பெயர்த்துவிடலாம் என்றிருந்த எல்லைக்கோடு, இப்போது சிமெண்டு போட்டு நிலைநிறுத்தப்பட்டு விட்டது.

நாம் பிரசாரத்திற்காக ஒரு கிராமத்திற்குப் போயிருந்தபோது, புதிதாய்க் கட்டிய காலனி வீடுகளைக் காட்டுவதற்காக அங்குள்ள தோழர்கள் அழைத்துப் போனார்கள். ஏரியின் உள்வாயை ஒட்டிய பள்ளத்தில் வீடுகள் வரிசையாய் நின்றன. பக்கத்திலிருந்த ஒரு பெரியவரிடம், “வீடு எப்படியிருக்கிறது?” என்று கேட்டோம். அவர், “வீடு குடுத்தாங்க அய்யா, ஊரைக் குடுக்கலியே!” என்றார். மறுபடியும் நாமே யோசிக்கும்படியாக இருந்தது. சுவரையும் கூரையையும் எண்ணின அதிகாரி அந்தப் பெரியவர் சொன்னதை எந்தக் கலத்தில் எழுதுவார்? அப்படி ஒரு கலமே அவருடைய காகிதத்தில் கிடையாது.

பட்டணத்துச் சேரி

கிராமத்து வழக்கம்தான் இது, பட்டணத்தில் சாதி ஏது என்பார்கள் சிலர். சென்னையைப் பார்ப்போம்.

சென்னையில் குடிசைவாசிகளுக்காகக் குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஏற்பட்டது. 1971-ல் அதற்கென்று சட்டமும் வந்தது. 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. ஆரம்பத்தில் அந்த வாரியம் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டியது. அந்த வீடுகளில் குறையிருந்தாலும், குடியிருந்தவனுக்குத் தொழிலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அடுத்த தெருவிலேயே இருந்தன. பின்னிட்டு நகரத்து மனைக்கு விலை ஏற ஏற, ஏழையை வெளியே கொண்டுபோய் வைக்கும் யோசனை வலுத்தது. 2000-ம் வருஷ வாக்கில் துரைப்பாக்கத்தின் பக்கம் கண்ணகி நகரும், 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியும், அதன்பின் பெரும்பாக்கமும் எழும்பின. கண்ணகி நகரில் மட்டும் சுமார் 15,000 வீடுகள். பெரும்பாக்கத்தில் கட்டியது 20,000-க்கும் மேல். முதலில் கட்டியவற்றில் பல சுமார் 200 சதுர அடி. அதற்குள்ளேதான் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும்.

2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, அடையாற்றங்கரையில் இருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லிப் பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். 20, 25 கிலோமீட்டர் தூரம். நகரத்தின் வீடுகளில் பாத்திரம் துலக்கி வந்த பெண்கள், மீன் விற்றவர்கள், மூட்டை தூக்கினவர்கள், சித்தாள் வேலைக்கு விடியற்காலையில் முச்சந்தியில் நின்றவர்கள் இவர்கள். இவர்களுக்கு வேலை என்பது நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் வேலை. நாலு வீட்டில் வேலை செய்கின்ற ஒரு பெண் போக இரண்டு மணி, வர இரண்டு மணி பஸ்ஸில் கழித்தால், நாலு வீடு இரண்டு வீடாகும். கூலி பாதியாகும். பஸ் சத்தமும் கொடுக்க வேண்டியிருந்த அன்றைக்கு, அது போக மீதி என்ன? வெள்ளம் வந்தது டிசம்பரில், அதாவது பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில். பிள்ளைகளின் படிப்பு என்னவாகும் என்று யாராவது கேட்டார்களா? மேலும், அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கொடுக்க மறுக்கிறார்கள் என்பது அங்குள்ள வாலிபர்கள் பல வருஷங்களாகச் சொல்லி வரும் குறையாகும். ஊர்ப் பெயரைக் கேட்டே ஆளைத் தள்ளுவதற்கு நமது நாட்டில் வேறு பெயர் ஒன்று உண்டு. அதுதான் தீண்டாமை.

இப்படிப் போனவர்களில் பலர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டோ கைமாற்றிவிட்டோ பழைய இடத்திற்கே திரும்பி வருகிறார்கள். உடனே, “பார்த்தீர்களா, வீடு கொடுத்தாலும் இவர்கள் இருக்கமாட்டார்கள்” என்று படித்தவர்கள் பழி சொல்லுகின்றார்கள். வயிறு இருக்கும் இடத்தில்தானே மனிதன் இருப்பான்? வயிற்றை நகரத்தில் வைத்துவிட்டு ஆளை மட்டும் 25 கிலோமீட்டருக்கு அப்பால் வைப்பது யாருடைய அறிவீனம்?

தண்ணீருக்கு ஜாதகம் தெரியாது

இனி நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். இந்தக் குடியிருப்புகள் இருக்கும் இடம் எது? பள்ளிக்கரணைக் கழுவெளியின் ஓரமும் அதன் வடிகால் பிரதேசமும் ஆகும். தென்சென்னையைச் சுற்றிலும் ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாய் நிரம்பி, அந்தச் சதுப்பில் வந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாய்ப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளத்துக்கு அருகில் கடலுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பு இன்று பெருமளவு சுருங்கிப் போயிற்று. குப்பைமேடும், ரஸ்தாவும், பெரிய பெரிய கம்பெனிக் கட்டடங்களும், சர்க்கார் ஸ்தாபனங்களும் அதைத் தின்றுவிட்டன. மிஞ்சியதில் 1,247 ஹெக்டேரை 2022-ல் ராம்சார் உடன்படிக்கைப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகவே சதுப்பைக் கெடுத்தவன் ஏழை மட்டும் என்று சொன்னால் அது பெரும் புரட்டாகும். கம்பெனிக்காரன் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கொண்டு மேலே உட்கார்ந்தான். ஏழைக்குக் கிடைத்ததோ மிச்சமிருந்த பள்ளம். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் அடித்துப் போகும் என்று சொல்லிப் பெயர்த்தவனை வெள்ளம் தேங்கும் இடத்தில் கொண்டு வைத்தார்கள். 2015-லும் செம்மஞ்சேரியில் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பெரும்பாக்கத்தில் தண்ணீர்.

இதற்கு வைதீகர்கள் என்ன சொல்லுவார்கள்? இயற்கையின் சோதனை, வருண பகவான் சித்தம், அவரவர் தலையெழுத்து என்பார்கள். வருண பகவானுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும் என்பதுதான் இதிலுள்ள பெரிய ரகசியம். அஸ்திவாரத்துக்குப் பூமி பூஜை போடுகிற வழக்கம் நமது நாட்டில் இன்னும் ஒழியவில்லை. வாசல் கிழக்கா வடக்கா, மூலை ஈசானியமா அக்கினியா என்று வாஸ்து பார்க்கக் காசு செலவழிக்கிறார்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் வடியும் என்று பார்க்க ஒரு மட்டக்கோல் போதும். தண்ணீருக்கு ஜாதகமும் தெரியாது, வாஸ்துவும் தெரியாது.

கட்டுகின்ற சாமானுக்கும் ஒரு கணக்கு உண்டு. உலகத்தில் மனிதர் செய்கையால் வெளியேறும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகின்றது. சிமெண்டே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கேரளத்தில் லாரி பேக்கர் என்பவர் செங்கலை வெறும் அடுக்காய் அடுக்காமல், நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டும் முறையைக் கொண்டு பல வருஷங்கள் ஏழைகளுக்கு வீடு கட்டிக் காட்டினார். அதில் செங்கல்லில் நாலில் ஒரு பங்கு வரையில் மிச்சம். வீட்டுக்குள் சூடும் குறைவு. கோடை காலத்தில் மொட்டைக் கான்கிரீட் கூரையின் கீழ்ப் பிள்ளை பெற்ற பெண்ணைப் படுக்க வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

வேறு விதமாக நடக்குமா?

இதெல்லாம் பேச்சுக்கு அழகு, காரியத்துக்கு ஆகுமா என்று கேட்கலாம். ஆகியிருக்கின்றது. ஆஸ்திரியா தேசத்தின் தலைநகராகிய வியன்னாவில் முதல் மகாயுத்தத்திற்கு முன் தொழிலாளியின் நிலைமை நமது சேரியைவிட மேலானதல்ல. படுக்கையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து மாற்றி மாற்றித் தூங்கினார்கள். க்ஷயரோகத்திற்கு “வியன்னா வியாதி” என்றே பெயர் வந்துவிட்டது. யுத்தத்திற்குப் பின் அந்நகர சபை சமதர்மக் கக்ஷியார் கைக்கு வந்தது. 1923-ல் வீட்டு வரி ஒன்று போட்டார்கள். சிறிய வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு ஏராளம். அந்தப் பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தார்கள்.

அவர்கள் வீட்டை மட்டும் கட்டவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோப் என்னும் கட்டடத்தில் 1,382 வீடுகள். நிலத்தில் ஐந்தில் ஒரு பாகத்துக்கும் குறைவாகவே கட்டடம் எழுப்பி, மற்றதைத் தோட்டமாகவும் வெளியாகவும் விட்டார்கள். அதற்குள்ளேயே துணி வெளுக்கும் பொதுக்கூடம், ஸ்நான அறைகள், குழந்தைகள் பள்ளி, பல் வைத்தியசாலை, வாசகசாலை எல்லாம். துணி துவைப்பதிலும் குழந்தையைக் கட்டிக் காப்பதிலும் பெண்ணின் வாழ்நாள் கழிந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தார்கள். இதை எதிர்த்தவர்கள் யார்? மதத்தின் பெயரால் அரசியல் நடத்திய கிறிஸ்தவ சமூகக் கக்ஷியார். அந்தக் கக்ஷியில் ஒரு பாதிரியாரே பிரதம மந்திரியாக இருந்தார். 1934 பிப்ரவரியில் அதே கட்டடத்தின் மேல் பீரங்கி வைத்துச் சுட்டார்கள். மதம் எந்த நாட்டிலும் ஏழை வீட்டின் மேல் குண்டு போடத் தயங்காது என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

பீரங்கி போயிற்று, வீடு நிற்கின்றது. இன்று வியன்னா நகர சபைக்குச் சொந்தமாக ஏறக்குறைய 2,20,000 வீடுகள் இருக்கின்றன. அங்கே சர்க்கார் உதவியோடு பெரிய குடியிருப்பு கட்டுவதற்கு 1995 முதல் ஒரு போட்டி முறை நடக்கின்றது. யார் குறைந்த தொகை எழுதினான் என்று மட்டும் பார்த்து நிலத்தைக் கொடுத்து விடுவதில்லை. கட்டட அமைப்பு எப்படி, செலவு எவ்வளவு, சுற்றுப்புறத்துக்குக் கேடா நன்மையா என்று மூன்றையும் பார்த்தார்கள். 2009-ல் நாலாவதாக, அங்கே குடியேறும் ஜனங்களின் கூட்டு வாழ்க்கைக்கு இது எவ்வளவு உதவும் என்பதையும் சேர்த்துக் கொண்டார்கள். நாலுக்கும் மதிப்பு ஒன்றே.

அன்னிய நாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 1997-ல் நமது நாட்டிலேயே பெரியார் நினைவு சமத்துவபுரம் என்னும் திட்டம் ஏற்பட்டது. 1998-ல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகவும் பிற்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. பக்கத்துப் பக்கத்து வீட்டில் கலந்து இருக்க வேண்டும். வீடு எங்கே நிற்கின்றது, பக்கத்தில் யார் என்பதையே முதல் கணக்காக எடுத்துக் கொண்ட திட்டம் இது. ஆனால் இங்கேயும் நாம் நேர்மையாய்ப் பேச வேண்டும். இருநூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் கட்டினார்கள். அவற்றில் பல பிறகு பராமரிப்பின்றிச் சீர்கெட்டு, 2021-க்குப் பின்னரே பழுது பார்க்கப்பட்டன. அங்கே வளர்ந்த பிள்ளைகளிடத்தில் சாதி எவ்வளவு தேய்ந்தது, கலப்புமணம் எத்தனை நடந்தது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து வருஷா வருஷம் வெளியிட்டிருந்தால், அதைவிடப் பெரிய பிரசாரம் நமது இயக்கத்திற்கு வேறு இருந்திருக்க முடியாது. நல்ல காரியம் செய்தவர்களும் கணக்கு வைக்கத் தவறினால், கெட்டவன் வந்து அந்தக் காரியத்தைப் பாழாக்குவது சுலபமாகின்றது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2006-ம் வருஷத்து உத்தரவுப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். 2013-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்றும் இருக்கின்றது. ஆனால் அது சர்க்கார் பிறருடைய நிலத்தை எடுக்கும்போதுதான் செல்லும். புறம்போக்கிலிருந்து குடிசைக்காரனைப் பெயர்ப்பது நில எடுப்பே அல்லவென்பதால், அவனுக்கு இழந்தவன் என்ற பட்டமும் இல்லை! தவிரவும் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் கட்டுவதற்கு முன் செய்யப்படுபவை. கட்டி முடிந்து மனிதன் குடியேறிய பின் அவன் வாழ்ந்தானா வீழ்ந்தானா என்று பார்க்க வேண்டியதுதானே முக்கியம்?

நாம் கேட்பது

ஏழைக்கு அவசரமாய் வீடு வேண்டியிருக்கும்போது இவ்வளவு கணக்கா என்று சிலர் இரக்கத்தோடு கேட்கலாம். அவசரத்தில் பள்ளத்தில் கட்டிய வீட்டுக்கு வருஷா வருஷம் படகும், சோற்றுப் பொட்டலமும், நிவாரணப் பணமும் அனுப்பும் செலவையும் சேர்த்துப் பார்க்கட்டும். கணக்கில்லாத அவசரமே அதிகச் செலவு என்பது விளங்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டுத் திட்டத்திலும் கீழ்க்கண்ட கேள்விகளுக்குச் சர்க்கார் பதில் எழுதி, குடியேறி ஒரு வருஷத்திலும் ஐந்து வருஷத்திலும் ஜனங்கள் பார்க்கும்படி அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்கின்றோம்.

1. குடியேறியவரின் வேலைக்கும் வீட்டுக்கும் தூரம் எவ்வளவு? முன்பு என்ன கூலி, இப்போது என்ன கூலி?

2. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

3. எந்தெந்தச் சாதியார் எத்தனை வீடு? ஒரே சாதியை ஒரே மூலையில் ஒதுக்கியிருக்கிறதா?

4. வீடு யார் பெயரில்? தண்ணீருக்கும் கக்கூசுக்கும் பெண்கள் எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் போக வேண்டியிருக்கிறது?

5. மழைக்கு முன் அந்த நிலத்தில் தண்ணீர் எங்கே நின்றது, இப்போது எங்கே போகின்றது?

இந்தக் கணக்கை எழுதுகிறவர்கள் வாரியத்து உத்தியோகஸ்தர்கள் மாத்திரமாய் இருக்கக் கூடாது. குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும். தன் வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று சொல்ல யாருக்கும் பட்டம் வேண்டியதில்லை. டெண்டரில் குறைந்த தொகை எழுதினவனுக்கே வேலை என்னும் முறைக்குப் பதிலாக, மேற்சொன்னவற்றிற்கும் மதிப்பெண் போட்டுக் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊரில் வீடு திறப்பு விழா நடந்தால் அவசியம் போங்கள். வீடு பெற்றவர்களோடு சேர்ந்து சந்தோஷப்படுங்கள். பூஜை போட ஐயர் வந்தால் ஏன் என்று கேளுங்கள். கைதட்டி முடிந்ததும் இந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததை வாங்கிக் கொண்டு கும்பிடு போட்டுப் போவது பிச்சைக்காரன் குணம். வாங்கியது தன்னுடையது என்று அறிந்து கணக்குக் கேட்பதே சுயமரியாதையுள்ள மனிதன் குணமாகும்.